ஒரு மணிக்குக் கறி, ஆறு மணிக்கு அரிப்பு

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாயங்கால நேரத்தில், கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். மற்ற நாட்களில் அந்தத் தெருவில் லாரி, டெம்போ, ஷிப்ட் வேன் என்று ஒதுங்க இடம் இருக்காது. ஞாயிறானால் ஈ காக்கா இருக்காது. எனக்கு உதடு வீங்கி, தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. பாம்பு கடிக்கவில்லை, லாரி மோதவில்லை. மத்தியானம் என் தங்கை வீட்டு விசேஷத்தில் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். கறி தின்றதற்கு ஒருவன் சாகக் கிடப்பானா, அதுவும் மதுரைக்காரன் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படி நினைத்தவன்தான். எங்கள் ஆட்களில் பிள்ளைக்குப் பல் முளைத்ததும் முளைக்காததுமாக நல்லி எலும்பைச் சப்பக் கொடுத்துவிடுவார்கள். நாற்பத்தைந்து வயது வரை குடல், ஈரல், தலைக்கறி எதையும் நான் விட்டுவைத்ததில்லை. ஒருநாள்கூட ஏப்பம் புளித்ததில்லை. அப்படிப்பட்ட உடம்பு திடீரென்று ஏன் கட்சி மாறியது என்பதைச் சொல்ல வேண்டுமானால், என் மனைவியின் ஆடுகளில் இருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு அவனியாபுரத்தில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் கொஞ்சம் காலி இடம். என் மனைவி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாது. கல்யாணமான புதிதில் தாய்வீட்டில் இருந்து ஒரு வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். அது குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு, எப்போதும் மூன்று நான்கு கொட்டகையில் நிற்கும். எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய ஆட்டுச் சமாச்சாரம் முழுவதையும் சொல்லிவிடுவாள். கருப்பி தழை திங்கவில்லை, செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் பக்கத்து வீட்டு முருங்கையை மேய்ந்துவிட்டது, அந்த அம்மா சண்டைக்கு வந்துவிட்டது. நான் டீயைக் குடித்துக்கொண்டே 'ம்' கொட்டுவேன். அப்போது அது எனக்குத் தொணதொணப்பாகத்தான் இருந்தது.

சிறுநீரகம் கெட்டு அவள் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது அந்த ஆடுகள் மட்டும்தான். காரியம் முடிந்ததுமே சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஆம்பளை ஒத்தையில் ஆட்டைக் கட்டிக்கொண்டு என்ன செய்வாய், வித்துவிடு என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவள் செய்த மாதிரியே காது மடலிலும் மடியோரத்திலும் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பொறுக்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவேன். கம்பெனியில் நடந்ததை எல்லாம் கருப்பியிடம் சொல்வேன். அது அசை போட்டுக்கொண்டு கேட்கும். ஆட்டின் மேல் இருக்கிற உண்ணி ஆளையும் சும்மா விடாது. கெண்டைக்காலிலும் முட்டிக்குப் பின்னாலும் கடித்துத் தொங்கும். பிய்த்துப் போட்டால் அந்த இடம் தடித்து, வாரக்கணக்கில் ஊறல் எடுக்கும். அதை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் இருக்கிறதே என்று இருந்தேன்.

எனக்கு இருந்த இன்னொரு துணை என் தங்கை. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வாரத்தில் மற்ற நாளெல்லாம் எனக்குக் கம்பெனி கேன்டீன், இல்லாவிட்டால் கடைப் பார்சல். பார்சலைத் தட்டில்கூட மாற்றாமல், இலையோடு தரையில் விரித்து டிவியைப் பார்த்துத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தங்கை வீட்டில் கறிச்சோறு. என் தட்டைப் பார்த்து, "என்னண்ணே கோழி கொத்துற மாதிரி கொத்துற, நல்லாச் சாப்புடு" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தது. தங்கை மகள், என் மருமகள், அப்போது நாலு வயது, பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டில் இருக்கிற ஈரலை எடுத்துத் தின்பாள். அந்த ஒரு வேளைக்காகவே வாரம் முழுவதும் கடத்திக்கொண்டிருந்தேன் என்றால் மிகையில்லை.

அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம், வீடு திரும்பி ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது உள்ளங்கை அரித்தது. காசு வரப்போகிறது என்று நானே சிரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அக்குள், இடுப்பு, தொடை எல்லாம் வட்டம் வட்டமாகத் தடித்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய் எண்ணெயைத் தடவிப் படுத்தேன். காலையில் ஒன்றும் இல்லை. யாரிடம் காட்டுவது? காட்டுவதற்கு உடம்பிலும் ஒன்றும் இல்லை, பார்ப்பதற்கு வீட்டிலும் ஆள் இல்லை.

அடுத்தடுத்து வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். சோப்பை மாற்றினேன். கத்தரிக்காயை விட்டேன், கருவாட்டை விட்டேன். கம்பெனி கேன்டீன் சாம்பார் மேல் சந்தேகப்பட்டு அதையும் விட்டேன். கறி மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும்? ஒரு மணிக்குத் தின்ற கறி வேலையைக் காட்டுவதென்றால் ஒன்றரைக்குக் காட்ட வேண்டும். சாப்பிட்டு, பாயில் உருண்டு, டீ குடித்து, வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் சமர்த்தாக இருந்துவிட்டு, ஆறு மணிக்கு அரிக்கிறது என்றால் யார்தான் அதைக் கறியோடு முடிச்சுப் போடுவார்கள்?

அந்த முடிச்சைப் போட்டது கே.கே. நகரில் ஒரு தோல் டாக்டர். நடுத்தர வயது அம்மா. அதற்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லாரும், அரிப்பு வருவதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள். நானும் டீ, வடை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த அம்மா மட்டும், "அன்னிக்கு விடிஞ்சதுல இருந்து வாய்க்குள்ள போனது எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஞாயிறு தவிர வேறு கிழமையில் வந்திருக்கிறதா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், ஒரு புதன்கிழமை வந்திருந்தது. அன்று கம்பெனி நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மட்டன் பிரியாணி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல், உண்ணி கடிக்குமா என்று கேட்டார். நான் பேன்ட்டைச் சுருட்டிக் காலைக் காட்டினேன். தழும்பு தழும்பாக இருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒவ்வாமை என்பது பெரும்பாலும் பிறக்கும்போதே கூட வருவதில்லை, உடம்பு இடையில் கற்றுக்கொள்வதுதான். நம் உடம்புக்குள் நோய் எதிர்ப்பு வேலை பார்க்கிற படை ஒன்று இருக்கிறது. அந்நியமாக எது நுழைந்தாலும் அதன் அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். சாப்பாடு வயிற்று வழியாக வந்தால், இது நம்ம ஆள் என்று விட்டுவிடப் பழகியிருக்கும். ஆனால் உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலில் ஒருவகைச் சர்க்கரை தோல் வழியாக உள்ளே போகிறது. சுகர் வியாதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதே பொருள் ஆடு, மாடு, பன்றி கறியிலும் இருக்கிறது. கோழியில், மீனில், மனிதனில் இல்லை. கடித்துக் கடித்து எச்சில் ஏறிக்கொண்டே இருக்க, படை அதைத் திருடன் என்று எழுதி வைத்துக்கொள்கிறது. அப்புறம் அதே பொருள் கறியோடு வயிற்றுக்குள் போனாலும் திருடன் திருடன் என்று கூப்பாடு போடுகிறது. அந்தக் கூப்பாடுதான் அரிப்பு, வீக்கம், மூச்சடைப்பு. கொழுப்போடு சேர்ந்து மெதுவாகச் செரித்து ரத்தத்துக்குப் போவதால், கறி தின்று நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் கலவரம் தொடங்குமாம்.

நான் முழிப்பதைப் பார்த்து அவரே வேறு மாதிரி சொன்னார். லுங்கி கட்டிக்கொண்டு ஒரு திருடன் வீட்டுக்கு வந்தால், அதற்கப்புறம் லுங்கி கட்டிய மாமனார் வந்தாலும் வீட்டு நாய் பாயுமா பாயாதா? பாயும் என்றேன். "அதேதான். நாய் மேல தப்பு இல்ல, மாமனார் மேலயும் தப்பு இல்ல" என்றார். ரத்தப் பரிசோதனை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நாளாகும், அதுவரைக்கும் ஆட்டுக்கறி வாயில் படக்கூடாது, இதுவரை தோலோடு நின்றது, அடுத்த தடவை எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

இதை நான் தங்கை வீட்டில் போய்ச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. என் தங்கை வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் மாப்பிள்ளை முறுக்கு கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் குறையவில்லை. உண்ணி கடித்தால் கறி ஆகாது என்று நான் சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊர்ல ஆட்டுக்கெடை போடுறவன் எல்லாம் உண்ணிக்கடியிலதான்யா வளந்தான். அவன் கறி திங்கல? ஒனக்கு மட்டும் என்ன மச்சான் புதுசா?" என்றார். டாக்டரிடம் அதை நானும் கேட்டிருந்தேன். எல்லா உடம்பும் ஒரே மாதிரி கற்றுக்கொள்வதில்லை, ஏன் ஒருவருக்கு வருகிறது ஒருவருக்கு வரவில்லை என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். இதை மாப்பிள்ளையிடம் சொன்னால் இன்னும் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு ஞாயிறு ரசஞ்சோறு மட்டும் சாப்பிட்டேன். சிரிப்பு போய் முகம் மாறிவிட்டது. தங்கை தனியாகக் கூப்பிட்டு, "எதும் மனசுல வச்சிருக்கியாண்ணே? ஏங் கைச் சோறு ஆகலயா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கண்ணால் என் தடிப்பை ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் வீட்டில் இருக்கிற வரைக்கும் நான் கல்லுக்குண்டு மாதிரி இருப்பேன். சாப்பாடு அத்தனை பேரோடு. அரிப்பு மட்டும் என் வீட்டில், நான் ஒத்தையாக இருக்கும்போது. ஒருவரும் பார்க்காத நோயை எப்படி நம்பச் சொல்வது? செல்போனில் படம் எடுத்துக் காட்டலாம் என்று ஒருதரம் எடுத்தேன். இடுப்பையும் தொடையையும் தங்கைக்கு எப்படி அனுப்புவது என்று அழித்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில் மருமகளின் காதுகுத்து வந்தது. குலசாமி கோயிலில் கிடா வெட்டு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். அந்தக் கிடாவையும் நான்தான் கொண்டுபோக வேண்டும். அது என் மனைவி இருக்கும்போதே மருமகள் காதுகுத்துக்கென்று நேர்ந்துவிட்ட குட்டி. கிடா பெரிதாக வளர்ந்து நிற்கும்போது அவள்தான் இல்லை. டெம்போவில் ஏற்றும்போது அது என் சட்டையைக் கவ்வி இழுத்தது. அவள் இருந்தால் அழுதிருப்பாள், அப்புறம் விசேஷத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து நன்றாகவும் சாப்பிட்டிருப்பாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான்.

காது குத்தி முடித்து, பிள்ளை அழுது ஓய்ந்து, பந்தி போட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. விசேஷத்துக்கு வந்தவன் கை நனைக்காமல் போகக்கூடாது. அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிடாமல் போகக்கூடாது. பகையாளிதான் மொய்யை மட்டும் எழுதிவிட்டு, கை நனைக்காமல் படியிறங்குவான். கை நனைக்கவில்லை என்றால் உறவு அற்றது என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை. கிடா வெட்டில் கை நனைப்பது என்றால் அந்தக் கறியைத் தின்பதுதான். அதிலும் தாய்மாமன், கிடா கொண்டுவந்தவன், தின்னாமல் எழுந்தால் என்ன ஆகும்?

நான் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன், ஏதோ அன்றைக்குத்தான் அந்த வண்டியை வாங்கியவன் மாதிரி. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தாய்மாமன் கை நனைக்காம கெளம்புறாரு போல" என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். தங்கை வந்து கையைப் பிடித்தாள். "மதினி நேந்துவிட்ட கெடாண்ணே. அவுக பேருக்கு ஒரு துண்டு வாயில போடு" என்றாள். மதினி என்று என் மனைவியைத்தான் சொன்னாள். நான் போய் உட்கார்ந்தேன்.

ஒரு துண்டு என்றுதான் ஆரம்பித்தேன். பொய் சொல்லக்கூடாது, அதற்குப் பிறகு ஒரு துண்டோடு நிற்கவில்லை. வாரக் கணக்காக ரசஞ்சோறும் கேன்டீன் சோறும் தின்ற நாக்கு. மருமகள் காதில் மஞ்சளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் இலையில் இருந்து ஈரல் எடுத்தாள். மாப்பிள்ளை தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறினார். "வையி மாப்ள" என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், போகிற உயிர் போகட்டும் என்றே தோன்றிவிட்டது. என் மனைவி போன பிறகு அத்தனை சந்தோஷமாக நான் சாப்பிட்டதில்லை.

அரிப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, இருந்துவிட்டுப் போ என்று தங்கை சொன்னதையும் கேட்காமல் வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிட்டேன். வழக்கம்போல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரித்துத் தீர்த்துவிடலாம் என்பதுதான் கணக்கு. சொந்தக்காரர்கள் முன்னால் தடித்துப்போய் நின்று விசேஷ வீட்டைக் கலைக்க எனக்கு இஷ்டமில்லை.

கப்பலூர் நெருங்கும்போது ஆக்சிலேட்டரைப் பிடித்திருந்த உள்ளங்கை அரித்தது. அப்புறம் உச்சந்தலை. எப்போதும் போல் இல்லை, வேகமாக ஏறியது. வயிற்றை முறுக்கியது. ஹெல்மெட்டுக்குள் முகம் பெரிதாகிக்கொண்டே போவது தெரிந்தது. கண் ஒரு பக்கம் மூடிக்கொண்டது. நெடுஞ்சாலையில் விழுந்தால் லாரிக்காரன் பாவம் என்று வண்டியைத் தொழிற்பேட்டைக்குள் திருப்பினேன். கம்பெனி வாட்ச்மேன் இருப்பார் என்று நினைப்பு. அவர் டீக்கோ எதற்கோ போயிருந்தார். கேட்டைத் தட்டினேன். தட்டுகிற சத்தம் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுவரில் போய்த் திரும்பி வந்தது. கத்திப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாவு வந்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க ஆள் இல்லையே என்றும் நினைத்தேன். வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பக்கத்துக் கம்பெனியில் வடக்கத்தி ஆட்கள் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், வெளிக்குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு ஓடி வந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, என்னால் பேசவே முடியவில்லை. தண்ணீர் கொடுத்தார், இறங்கவில்லை. என் போனை எடுத்து என் விரலை வைத்துத் திறந்து, "கர்? கர்?" என்று கேட்டார். வீட்டைக் கேட்கிறார் என்று அது மட்டும் புரிந்தது. யாரும் இல்லை என்று கையை விரித்தேன். அந்த ஆள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அது கறியால் இல்லை.

அவர் தன் கூட்டாளி ஒருவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். என் வண்டியைத் துணி அலசியவர் ஓட்ட, என்னை நடுவில் உட்கார வைத்து, நான் சரியாமல் இருக்க ஒரு துண்டால் என்னை அவர் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். பின்னால் கூட்டாளி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். அவர் முதுகில் சோப்பு வாசனை அடித்தது. அந்த முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு திருமங்கலம் ஆஸ்பத்திரி வரைக்கும் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தொடையில் ஊசி போட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று பிறகு சொன்னார்கள்.

போனில் கடைசியாக இருந்த எண்ணுக்கு அவர் அடித்திருக்கிறார். அது தங்கை எண். அண்ணன் போனில் இருந்து இந்தியில் யாரோ பேசியதும் அவள் அலறிவிட்டாள். நர்ஸ் வாங்கிப் பேசியிருக்கிறார். பட்டுச்சேலையோடு அவளும், வேட்டி மடித்துக் கட்டியபடி மாப்பிள்ளையும் ஓடி வந்தார்கள். என் முகம் அப்போதும் பூசணிக்காய் மாதிரிதான் இருந்தது. மாப்பிள்ளை கட்டில் ஓரத்தில் நின்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதத்தான் இம்புட்டு நாளா சொல்லிக்கிட்டு இருந்தியா மச்சான்?" என்றார். தலையை ஆட்டினேன். அவர் வெளியே போய்விட்டார். தங்கைதான் சொன்னாள், வராந்தாவில் உட்கார்ந்து அழுதாராம்.

அந்த வடக்கத்தி மனிதர் தங்கை வந்ததைப் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உடம்பு தேறி வேலைக்குப் போனதும் அவரைத் தேடிப் போனேன். என் கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம், இத்தனை வருடத்தில் நான் எட்டிப் பார்க்காத இடம். சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் செய்துகொண்டிருந்தார். என்னைப் பிடித்து உட்கார வைத்தார். ஒவ்வொன்றையும் வைப்பதற்கு முன்னால் கரண்டியால் தொட்டுக் காட்டி, தொண்டையைப் பிடித்துக் காட்டி, இது ஆகுமா என்று சைகையில் கேட்டார். சப்பாத்தி ஆகும். உருளை ஆகும். ஊறுகாய் ஆகும். தண்ணீரையும் காட்டிக் கேட்டபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அடுத்த வருடம் அவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் சந்தேகப்பட்டபடியே வந்தது. அவசரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பிறகு, டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். புதிதாக உண்ணி கடிக்காமல் சில வருடம் இருந்தால், சிலருக்கு உடம்பு மெல்ல அதை மறந்துவிடுமாம். மறுபடி கறி சாப்பிடவும் முடியலாமாம். ஒவ்வொரு கடியும் ஞாபகத்தைப் புதுப்பிக்குமாம். "அதனால ஆட்ட வித்துருங்க" என்றார்.

கொட்டகையில் அப்போது இருந்தது கருப்பியும் அதன் இரண்டு பெட்டைக் குட்டிகளும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். ஆட்டை விட்டால் என்றைக்காவது கறி கிடைக்கலாம். பந்தியில் எல்லாரோடும் உட்காரலாம். ஆனால் ஆறு மணிக்கு வந்து கதவைத் திறக்கும்போது வீடு ஒன்றுமே சொல்லாது. டாக்டரிடம் போய், கறி வேண்டாம் மேடம் என்று சொன்னேன். அவர் திட்டினார். திட்டிவிட்டு, கால்நடை டாக்டரிடம் உண்ணி மருந்து வாங்கி ஆட்டுக்குத் தெளிக்க வேண்டும் என்றும், முழங்கால் வரை பூட்ஸ் போடாமல் கொட்டகைக்குள் கால் வைக்கக்கூடாது என்றும் சொன்னார். கம்பெனி பூட்ஸை மாட்டிக்கொண்டு, கைலியை அதற்குள் செருகி நான் ஆட்டுக்குத் தழை போடுகிற கோலத்தைப் பார்த்து முருங்கைமரத்து வீட்டம்மா இன்றைக்கும் சிரிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போகிறேன். எனக்கென்று தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் நாட்டுக்கோழி. விசேஷங்களில் தனிச் சட்டிக்கு வழியில்லை, சோறும் அவித்த முட்டையும்தான். "எங்க மச்சானுக்குக் கறி ஆகாது, வீணா யாரும் வம்பு இழுக்காதீங்க" என்று மாப்பிள்ளை முன்கூட்டியே பந்தி முழுக்கச் சொல்லிவிடுகிறார். நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனாலும் அத்தனை இலையிலும் கறிவாளி நின்று நின்று போகும்போது என் இலையை மட்டும் தாண்டிப் போகும். அந்த ஒரு கணம் எனக்கு இன்னும் பழகவில்லை. மருமகள் இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. என் இலையில் ஈரல் இல்லையே, பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த வாரத்தில் இருந்து, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணியானால் தங்கை போன் செய்கிறாள். "அரிக்குதாண்ணே?" என்பதுதான் முதல் கேள்வி. நான் கறி தின்னவில்லை, தின்ன மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கோழியை ஆக்கிப் போட்டவளே அவள்தான். "இல்லத்தா" என்பேன். பின்னால் கருப்பி கத்துவது அவளுக்குக் கேட்கும். "மதினி ஆடு கத்துது பாரு, போயித் தண்ணி வையி" என்பாள். நான் கருப்பி தழை திங்காததையும், குட்டி கயிற்றை அறுத்ததையும் சொல்லத் தொடங்குவேன். அந்தப் பக்கம் அவள் 'ம்' கொட்டுவாள்.

என் உடம்பு எதை மறக்கும், எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அரிக்காது என்று தெரிந்தே அரிக்கிறதா என்று கேட்பதற்கு ஒரு குரல் இருக்கிற வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நான் கதவைச் சாத்திக்கொள்ளப் போவதில்லை.